முண்டந்துறைக்குப் போன பெண்கள் வேன்

மேலப்பாளையத்தில் மாடி வீடுள்ளவர்கள் எல்லாருக்கும் மலை சொந்தம். துணி காயப்போடப் போகும்போதும் வற்றலை அள்ளிவரப் போகும்போதும் மேற்கே பார்த்தால் நிற்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால் அந்த மலைக்குள் போய்வந்த பெண்கள் யார் என்று கேட்டால் தெருவுக்கு ஒருத்தி தேறுவது கஷ்டம். சீசனுக்குக் குற்றாலம் போயிருப்பார்கள். கந்தூரி விழாவுக்கு ஆத்தங்கரைப் பள்ளிவாசல் போயிருப்பார்கள். மலை பார்ப்பதற்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

ஷம்ஸியாவும் அப்படித்தான் இருந்தாள். அவள் கணவன் அகமது மீரான் சவுதியில், தம்மாமில் டிரெய்லர் லாரி ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு மாதம் இருப்பான், அழுதுகொண்டே போவான். மீதிக் காலமெல்லாம் ஷம்ஸியாவும் மகள் மர்வாவும்தான். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுவாள், மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள், வெள்ளிக்கிழமை இரவு கணவன் கூப்பிட்டால் ஒருமணி நேரம் பேசுவாள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நிறை என்று சொல்லவும் ஒன்றும் தோன்றாத நாட்கள் அவை.

மர்வா எட்டாம் வகுப்பில் பள்ளியின் இயற்கை மன்றத்தில் சேர்ந்தாள். பொங்கல் முடிந்ததும் குளங்களில் பறவை கணக்கெடுக்கப் போவார்களாம், விடியும் முன்னே கிளம்ப வேண்டுமாம். வயசுக்கு வந்த பிள்ளையை இருட்டில் குளத்தங்கரைக்குத் தனியே அனுப்புவதா என்று ஷம்ஸியாவுக்கு மனம் ஒப்பவில்லை. துணைக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

பனி இறங்கிக்கொண்டிருந்த குளத்துக்கரையில், கறுப்பு அங்கியும் கையில் தூக்குச்சட்டியுமாக, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள். பைனாகுலர் கைமாறிக் கைமாறி வந்தது. வரிசையில் நின்ற பாவத்துக்கு அவள் கைக்கும் வந்தது. கண்ணில் வைத்தாள். நடுக்குளத்தில் பட்டமரக் கிளையொன்றில் நீண்ட கழுத்துள்ள கறுப்புப் பறவை ஒன்று மீனை மேலே தூக்கிப் போட்டு, அதன் தலை வாய்க்குள் வரும்படி பிடித்து, விழுங்கிற்று. மீன் கழுத்து வழியே இறங்குவதுகூடத் தெரிந்தது. அது பாம்புத்தாரா என்று யாரோ சொன்னார்கள். அடுத்த பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றது. ஷம்ஸியா பைனாகுலரைக் கொடுக்கிற வழியாக இல்லை. மர்வாதான் வந்து அங்கியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் மர்வாவுக்கு அந்த ஆசை விட்டுப்போயிற்று. பாடம் கூடிவிட்டது, தோழிகள் கூடிவிட்டார்கள். அம்மா மட்டும் தனியாகக் குளத்துக்குப் போனாள். முன்னீர்பள்ளத்துக் குளம், தருவைக் குளம் என்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். பறவை பார்க்கிறவர்கள் கூட்டம் ஒன்று திருநெல்வேலியில் உண்டு. ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள். அவர்கள் அவளையும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாகத்தான், வனத்துறை பாபநாசத்தில் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தருவதாகத் தகவல் வந்தது.

பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மலையடிவாரத்துக்காரர்கள். அங்கியோடு வந்தவள் ஷம்ஸியா ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருத்தி சுகன்யா, சோதனைச்சாவடியில் வேலை பார்க்கிற வனக்காப்பாளர். ஷம்ஸியாவைவிடப் பத்து வயது இளையவள். முதல்நாளே அவளைப் பார்த்து, இந்த உடுப்போடு மலையேறச் சிரமமாக இருக்காதா என்று நேராகக் கேட்டாள். பழகிப்போயிற்று என்று ஷம்ஸியா சொன்னாள். அதற்கப்புறம் சுகன்யா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பயிற்சி முடிகிறபோது இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆகியிருந்தார்கள்.

அந்தப் பயிற்சியில் ஒருநாள் காரையாறுக்குக் கீழே ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஷம்ஸியாவுக்கு அந்த எண்ணம் வந்தது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதும் இதே ஆற்றுத் தண்ணீர்தானே என்று நினைத்துக்கொண்டாள். தன் தெருவில் அந்தத் தண்ணீரைப் பிடிக்கக் குடத்தோடு நிற்கிற பெண்களை ஒவ்வொருத்தராக இந்தப் பாறைமேல் உட்காரவைத்துப் பார்த்தாள், மனதுக்குள்ளேயே. எல்லாரும் அழகாக இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கணவனிடம் சொன்னாள். காலையில் போய் அந்திக்குள் திரும்பிவிடுகிற பயணம், பெண்கள் மட்டும், தானே வழிகாட்டி என்றாள். அகமது மீரான் அதை ஏதோ பிக்னிக் என்று எடுத்துக்கொண்டான். போய்வரட்டும் என்றான். வேன் மட்டும் நல்ல ஆளாகப் பார்த்து அமர்த்தச் சொன்னான்.

நல்ல ஆள் கிடைத்தான். பெயர் வளன். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவன், இப்போது தச்சநல்லூரில் வேன் வைத்து ஓட்டுகிறான். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு அத்துப்படி. தேவையில்லாமல் பேசமாட்டான், பாட்டுப் போடமாட்டான், கண்ணாடியைத் திருப்பிவைத்துப் பின்னால் பார்க்கமாட்டான். தெருப்பெண்களுக்கு அதுவே போதுமான தகுதியாக இருந்தது.

முதல் பயணம் ஊத்திக்கொண்டது.

கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பெண்கள் வேனில் ஏறினார்கள். சேரன்மகாதேவி தாண்டும்வரை சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. கல்லிடைக்குறிச்சியில் டீ குடித்தார்கள். சோதனைச்சாவடியில் சுகன்யா பைகளைப் பார்த்து பிளாஸ்டிக்கை எல்லாம் வாங்கி வைத்தாள். அதிலேயே பெண்களுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிற்று. மேலே போனால் காடு வெறிச்சென்று இருந்தது. வெயில் ஏறிவிட்டது. மான் இல்லை, மிளா இல்லை, ஆனை இருந்த அடையாளமாகச் சாலையோரம் காய்ந்த லத்தி மட்டும் கிடந்தது. ஷம்ஸியா வண்டியை நிறுத்தி, அந்த லத்தியைக் காட்டி, அதில் என்னென்ன விதை இருக்கிறது, அது எப்படி மரமாகும் என்று ஆசையோடு விளக்கினாள். பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

மத்தியானம் ஆற்றங்கரைப் பாறையில் கொஞ்ச நேரம் கால் நனைத்துவிட்டு நெய்ச்சோற்றுச் சட்டியைத் திறந்தபோது குரங்குகள் வந்தன. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. ஒன்று பழத்தாரை இழுத்தது, இன்னொன்று தாளிச்சா வாளியைக் கவிழ்த்தது. பெரிய கடுவன் ஒன்று கறிச்சட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் பாதி வயிற்றோடு திரும்பினார்கள்.

திரும்புகிற வழியெல்லாம் ஆபிதா பீவியின் குரல்தான். ஆபிதா பீவி ஷம்ஸியாவின் எதிர்வீட்டுக்காரி, அறுபதை நெருங்குகிறவள், கணவன் மௌத்தாகித் தனியாளாகி நாலைந்து வருடம் ஆகிறது. அவள் தன் வீட்டு அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பக்கத்துத் தெருவில் போகிற மீன்காரர் நிற்பார்.

"கொரங்கு பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தா இவ? எங்க வீட்டு மாடிக்கு வந்தா நானே காட்டியிருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஷம்ஸியாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டாள். மர்வா பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் தெருவில் குரங்குக் கதை ஒரு மாதம் ஓடிற்று. அடுத்த பயணம் எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஷம்ஸியா மறுபடி முறத்தை மடியில் எடுத்துவைத்தாள். வளன் ஒருதடவை போன் செய்து, காடு என்றால் அப்படித்தான் அக்கா, நாம் கேட்டபோதெல்லாம் காட்டாது என்று சொன்னான். அவளுக்கும் அது தெரியும். மேலப்பாளையத்துக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆபிதா பீவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கத்துக்கு மாறாகக் குரலை இறக்கிப் பேசினாள்.

"ஏட்டி, மறுபடி எப்பம் போற?"

ஆபிதா பீவி கேலி செய்கிறாள் என்றுதான் ஷம்ஸியா நினைத்தாள். "யாரு லாத்தா வருவா?" என்றாள்.

"நான் வருவேன். எனக்கு ஆனையும் வேண்டாம், பூனையும் வேண்டாம். அங்கன பாறையில உக்காந்து தண்ணிக்குள்ள கால வச்சிருந்தேன்லா? அன்னைக்கு ராத்திரி தூங்கினேன் பிள்ள. அவுக போனப்புறம் அப்படித் தூங்கினதில்ல. திரும்ப அந்தத் தண்ணிச் சத்தம் கேக்கணும்."

சொல்லிவிட்டு, இதை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே என்றும் எச்சரித்துவிட்டுப் போனாள். ஆனால் மறுநாளிலிருந்து ஆள் சேர்க்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போனாள். குரங்குக் கதையை ஊரெல்லாம் பரப்பியவளே வந்து கூப்பிட்டதால் யாராலும் மறுக்க முடியவில்லை. வேன் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை சாப்பாட்டை வாழையிலையில் பொட்டலம் கட்டி, வேனுக்குள்ளேயே சாப்பிடுவது என்று ஏற்பாடு.

இரண்டாம் பயணத்தில் காடு மனம் இரங்கிற்று. முண்டந்துறைச் சமவெளியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. மலை அணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவியபோது அதன் வால் பின்னாலேயே பறந்துவந்தது. ஆற்றில் நீர்நாய்கள் நாலைந்து தலையை நீட்டி இவர்களைப் பார்த்துவிட்டு முங்கின. பெண்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்து கால் நனைத்தார்கள். அந்தத் தண்ணீரிலேயே கை, கால், முகம் கழுவி ஒளு எடுத்து, பாறைமேல் துப்பட்டியை விரித்து மத்தியான லுஹர் தொழுதார்கள். ஆபிதா பீவி தொழுது முடித்த பிறகும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

திரும்பும்போதுதான் அது நடந்தது. வெயில் சாய்ந்திருந்தது. ஒரு வளைவில் திரும்பியதும் வளன் பைய வண்டியை நிறுத்தினான். ஐம்பதடி தள்ளி, சாலையின் நடுவே ஒரு பெண்யானை நின்றது. அதன் காலடியில் குட்டி. ஓரத்து மூங்கிலை வளைத்து ஒடித்துக் குட்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வேனுக்குள் ஒரு மூச்சிழுப்பு ஓடிற்று. ஷம்ஸியா திரும்பிப் பெண்களைப் பார்த்தாள்.  பயிற்சியில் சொன்னதை எல்லாம் மனதுக்குள் ஒருதடவை ஓட்டிப் பார்த்தாள்.

"யாரும் பேசாதீங்க. போன எடுக்காதீங்க. எந்திரிக்காதீங்க. அது அதோட வீட்டு வாசல்ல நிக்குது, நாமதான் விருந்தாளி. அது வழி விடுத வரைக்கும் நாம இப்படியே இருப்போம்."

மேலப்பாளையத்துப் பெண்கள் அத்தனை பேர் ஒரே இடத்தில் வாய்மூடி உட்கார்ந்தது அநேகமாக அதுதான் முதல்தடவை. ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கிற்று. தாய் அதை அங்கிக்குள் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மூங்கில் ஒடிகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

அப்போது பின்னால் ஒரு கார் வந்து நின்றது. இளவட்டங்கள் நிறைந்த கார். முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாமல் ஆரன் அடித்தார்கள். யானை சடக்கென்று திரும்பிற்று. காது இரண்டும் விரிந்தன. குட்டியைக் காலுக்குப் பின்னே தள்ளிவிட்டு வேனை நோக்கி நாலெட்டு வைத்தது. மறுபடியும் ஆரன்.

கடைசி இருக்கையில் சன்னலோரம் இருந்தவள் ஆபிதா பீவி. ஊரையே குரலால் ஆண்டவள். அவள் சன்னல் வழியே தலையை மட்டும் வெளியே நீட்டிக் காரைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. விரலை உதட்டில் வைத்து, கண்ணை உருட்டி, பெற்ற பிள்ளையை முறைக்கிற மாதிரி ஒரு முறை முறைத்தாள். ஆரன் நின்றது. காரின் விளக்கும் அணைந்தது.

யானை அங்கேயே நின்றது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. முன்னிருக்கையில் இருந்த ஷம்ஸியாவுக்கு அதன் கண் தெரிந்தது. சின்னக் கண், ஓரத்தில் சுருக்கம். எவ்வளவு நேரம் அப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று அவளுக்குப் பிறகு எப்போதுமே சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அது தலையை ஒருதடவை ஆட்டிவிட்டுத் திரும்பிற்று. குட்டி முன்னே ஓட, தாய் பின்னே போக, இரண்டும் ஆற்றுப்பக்கச் சரிவில் இறங்கி மறைந்தன.

வளன் சோதனைச்சாவடியில் வேனை நிறுத்தினான். இறங்கியதும் ஒரு பெண் ஷம்ஸியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பயத்தில் அழுகிறாளா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். 

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரில் இருந்தவர்களில் ஒருவன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தான். இரண்டே நாளில் அது வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தது. மேலப்பாளையத்துப் பெண்கள் போன வேனை யானை முட்டித் தள்ளியதாகத் தலைப்பு. அது தம்மாமுக்கும் போயிற்று. ஷம்ஸியா வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று வைத்திருந்ததை அகமது மீரான் புதன்கிழமையே பார்த்துவிட்டான்.

அவன் கோபக்காரன் அல்ல. அன்றும் சத்தம் போடவில்லை. அதுதான் ஷம்ஸியாவுக்குக் கஷ்டமாக இருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு லாரியை ஓரங்கட்டி, ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான். 

"நான் இங்கன மணல்ல கெடந்து ஓட்டுதது யாருக்கு? உங்க ரெண்டு பேருக்கும்தான. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னத்துக்கு இங்க இருக்கணும்? போதும் ஷம்ஸியா. இத்தோட விட்டுரு."

யானை முட்டவில்லை என்று அவள் சொன்னாள். அவன் நம்பினான். ஆனாலும் வேண்டாம் என்றான். அவனுக்குப் பயம், அவளுக்கு ஆசை, இரண்டும் நியாயம். அவள் சண்டை போடவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவன் லீவு நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க வந்து ஒருவாட்டி கூட வாங்க. பாத்துட்டு அப்பம் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா விட்டுருதேன்" என்றாள். போனை வைத்த பிறகு, அப்படி வாக்குக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று தோன்றிற்று.

அகமது மீரான் வந்தான். பெண்கள் பயணத்தில் ஆண் வருவதா என்று தெருவில் ஒரு வழக்கு எழுந்தது. ஆபிதா பீவிதான் தீர்ப்புச் சொன்னாள். முன்னிருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பின்னால் திரும்பக்கூடாது. அகமது மீரான் அவள் கண்முன்னால் வளர்ந்த பிள்ளை. அடங்கி ஒடுங்கி ஏறினான்.

போகிற வழியெல்லாம் அவன் காட்டைப் பார்க்கவில்லை, வளனைத்தான் பார்த்தான். கொண்டை ஊசி வளைவில் எந்தக் கியரில் ஏறுகிறான், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறானா என்று கவனித்தான். ஷம்ஸியா பின்னால் நின்று பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். மரத்தின் பெயர், அந்த மரத்துப் பழம் தின்ன வருகிற இருவாச்சிப் பறவை, பெட்டை பொந்துக்குள் இருந்துகொண்டு வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் மாதக்கணக்கில் இரை கொண்டுவந்து கொடுக்கிற கதை. ஒருத்தி, அப்ப அதுவும் சவுதிக்குப் போன மாப்பிள்ளை மாதிரிதான் என்றாள். வேனே சிரித்தது. அகமது மீரான் திரும்பவில்லை, ஆனால் அவன் தோள் குலுங்குவதை ஷம்ஸியா பார்த்தாள்.

அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. வீட்டில் அவள் குரல் இவ்வளவு உயராது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அன்று மிருகம் ஒன்றும் பெரிதாகத் தென்படவில்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவுமில்லை.

ஆற்றங்கரைக்கு வந்ததும் ஆபிதா பீவி அவனைத் தனியே கூப்பிட்டாள். "மீரானு, பொம்பளைய கால் நனைக்கப் போறாவ. நீ அந்தா அந்த மரத்துக்கிட்ட போயி, காட்டப் பாத்துத் திரும்பி நில்லு. நான் கூப்பிடுத வரைக்கும் திரும்பாத."

அவன் போய் நின்றான். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டபோது திரும்பி வந்தான். வேனில் ஏறப்போகும்போது ஷம்ஸியாவிடம் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"காட்டுக்குள்ள நாயெல்லாம் விட்டு வச்சிருக்காங்களே. மானக் கடிச்சிராதா?"

"நாயா? எங்கன?"

"நான் நிண்ண எடத்துக்கு எதுத்தாப்புல. செவலை நாய். நம்ம தெருநாய் கணக்காத்தான் இருந்துச்சு. என்னையவே பாத்துட்டு நிண்ணுச்சு."

ஷம்ஸியா படியில் வைத்த காலைக் கீழே இறக்கினாள். "வாலு எப்படி இருந்துச்சு?"

அவன் யோசித்தான். "வாலு மட்டும் கருப்பு. குஞ்சம் கட்டின மாதிரி. அதுக்குப் பொறத்தால புதருக்குள்ள இன்னும் ரெண்டு மூணு படுத்துக் கெடந்துச்சு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அது நாய் இல்லை, செந்நாய். கூட்டமாக வேட்டையாடுகிற காட்டு விலங்கு. மனிதர்கள் வருகிற இடத்தில் அது நின்று முகம் காட்டுவது அபூர்வம். பயிற்சிக் காலத்திலிருந்து இன்றுவரை இந்த மலைக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டாள், அவள் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. காட்டிலேயே வேலை பார்க்கிற சுகன்யா விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாள்.

"கூப்பிட்டிருக்கலாம்லா?" என்றாள். குரல் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் நின்றது.

"எப்படிக் கூப்பிட? திரும்பக் கூடாதுன்னு லாத்தா சொல்லிட்டாங்க. சத்தம் போடக் கூடாதுன்னு நீ சொல்லிட்ட."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பெண்கள் சுற்றிக் கூடிக்கொண்டு என்ன என்ன என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஆபிதா பீவி, தான் திருப்பி நிறுத்தியதால்தான் அவனுக்கு அது கிடைத்தது என்று அந்தப் பெருமையில் பாதியை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது அகமது மீரான் வளனைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே கண்ணை வைத்துக்கொண்டே வந்தான். நடுநடுவே கட்டளையை மறந்து பின்னால் திரும்பி ஷம்ஸியாவிடம் கேட்டான். அது எத்தனை குட்டி போடும், குட்டியை யார் பார்த்துக்கொள்ளும், மனுசரைக் கடிக்குமா. சோதனைச்சாவடியில் சுகன்யாவிடமும் முதலிலிருந்து சொன்னான். அவள் பதிவேட்டில் குறிப்பதற்காக இடத்தையும் நேரத்தையும் விசாரித்தபோது, தன்னிடம் ஒரு அதிகாரி இப்படி மரியாதையாகத் தகவல் கேட்டதை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

வேண்டாம் என்று முன்பு சொன்னதை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, சரி என்று வாயால் சொல்லவும் இல்லை. ஷம்ஸியா காத்திருந்தாள். மறுநாள் காலையில் அவன் தச்சநல்லூருக்குப் போனான். வளனின் வேனுக்கு அடியில் படுத்து ஒருமணி நேரம் பார்த்தான். பின் டயர் இரண்டும் தேய்ந்திருக்கிறது, அடுத்த தடவை மலையேறுமுன் மாற்றிவிடு தம்பி, பிரேக் லைனிங்கும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தான். ஷம்ஸியா சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த பயணம் எந்த ஞாயிறு என்று அவன் கைகழுவிக்கொண்டே கேட்டான்.

லீவு முடிந்து தம்மாமுக்குப் போய்விட்டான். இந்த ஒப்பந்தம் முடிந்தால் ஊரோடு வந்துவிடலாமா என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறான். முன்பும் யோசித்ததுண்டு. வந்து என்ன செய்வது என்ற கேள்வியில் அது முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது வேனுக்கு இன்னொரு டிரைவர் வேண்டியிருக்கும் என்று வளனே சொல்லியிருக்கிறான். பயணம் மாதம் ஒன்றாக இருந்தது, இரண்டாகிவிட்டது. பேட்டையிலிருந்து கேட்கிறார்கள், டவுனிலிருந்து கேட்கிறார்கள். மர்வா பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்திருக்கிறாள். அம்மாவுக்காக எடுக்கவில்லை என்று கேட்காமலே எல்லாரிடமும் சொல்கிறாள்.

போன வாரம் புன்னைக்காயலிலிருந்து ஃபிளோரா என்று ஒரு பெண் போன் செய்தாள். மீன்பிடிக்காரர் மனைவி. மாதா கோயிலுக்கு வருகிற பெண்கள் ஒரு வேன் நிறைய வருவதற்குத் தயாராக இருப்பதாகச் சொன்னாள். எதைப் பார்க்க ஆசை என்று ஷம்ஸியா கேட்டாள்.

"எங்க ஊர்லதான் இந்த ஆறு கடல்ல வந்து விழுது, அக்கா. பொறந்ததுல இருந்து அத முடியுத எடத்துலதான் பாக்கோம். தொடங்குத எடம் எப்படி இருக்கும்னு பாக்கணும்."

ஆறு பிறக்கிற இடத்துக்கு யாரையும் கூட்டிப்போக முடியாது, அது அடர்காட்டுக்குள் வெகுதூரம் மேலே இருக்கிறது என்று ஷம்ஸியா விளக்கினாள். காரையாறு வரைக்கும் காட்டலாம். அங்கே தண்ணீர் அடி தெரிய ஓடும். உட்கார நல்ல பாறைகள் இருக்கின்றன. விலங்கு தென்படுமா என்று கேட்டால் வாக்குக் கொடுக்க முடியாது.

மறுமுனையில் ஃபிளோரா யாரிடமோ பேசுவது கேட்டது. பல குரல்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு அவள் திரும்ப வந்து, கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த சனிக்கிழமை தோதுப்படுமா என்றாள். ஷம்ஸியா எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். ஆபிதா பீவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த வேனில் தனக்கு ஒரு சன்னலோரம் உண்டா என்று கையாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.